ரன் முடிஞ்சுது சரி, எந்த நம்பர்ல முடிஞ்சுது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரோட தொழில்நுட்பப் பக்கத்துல, சர்வர்கள தானா செட்டப் பண்ணி பாத்துக்கற டூல்கள் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். பப்பெட், ஆன்சிபிள், ஷெஃப், சால்ட், டெராஃபார்ம்னு ஒண்ணு விடாம பேர் வந்திருந்துச்சு, ஆயிரம் சர்வர ஒரே ஆளு உக்காந்த இடத்துல இருந்து பாத்துக்கலாம்னும் எழுதியிருந்தாங்க, நான் இந்த வேலையிலதான் இருக்கேன் அதனால இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஒரே ஆளு ராத்திரி படுக்கப் போறப்ப எதை நம்பி படுக்கறாருன்னு கட்டுரையில ஒரு வரி கூட இல்ல. அதுக்குத்தான் இந்த லெட்டர். நீளமா இருந்தா வெட்டிக்கோங்க, நம்பர்கள மட்டும் விட்டு வைங்க.

விஷயம் எக்ஸிட் கோட். இது தெரியாத வாசகர்களும் இருப்பாங்க அதனால சுருக்கமா சொல்லிடறேன். கறுப்பு ஸ்கிரீன்ல ஒரு கமாண்ட் ஓடி முடியும்போது ஒரு நம்பர விட்டுட்டுப் போகும், 0ல இருந்து 255க்குள்ள எதுவா வேணா இருக்கலாம், 0னா நல்லபடியா முடிஞ்சுது, வேற நம்பர்னா ஏதோ இருக்கு என்னன்னு பாருன்னு யூனிக்ஸ்ல ரொம்ப நாளா வழக்கம். ஸ்கிரீன்ல ஓடற எழுத்தெல்லாம் மனுஷன் படிக்க, இந்த நம்பர் அடுத்து ஓடப்போற ஸ்கிரிப்ட் படிக்க. பஸ்ல கண்டக்டர் ஒரு விசில் அடிச்சா நிறுத்தணும், ரெண்டு அடிச்சா எடுக்கணும், டிரைவர் திரும்பிப் பாத்து என்ன ஏதுன்னு விசாரிக்கறதில்ல, அந்த மாதிரிதான் இதுவும்.

சாதாரண கமாண்டுக்கு ஆச்சு, ஆகலன்னு ரெண்டு பதில் போதும். கான்ஃபிக் டூலுக்கு அது பத்தாது. இந்த டூல்களோட அடிப்படையே என்னன்னா, சர்வர் இப்படி இருக்கணும்னு நாம எழுதி வைக்கறோம், டூல் போய் பாத்து இல்லாததை சரி பண்ணுது, ஏற்கனவே சரியா இருந்தா தொடாம வந்துடுது. 1993ல ஆஸ்லோ யூனிவர்சிட்டில மார்க் பர்ஜஸ் சிஎஃப்என்ஜின் எழுதினதுல இருந்து இதுதான் கதை, பின்னாடி வந்தவங்க எல்லாரும் அதே பாதைதான். அப்ப ஒரு ரன் முடிஞ்சா எத்தன விதமா முடியலாம்னு யோசிச்சு பாருங்க. எல்லாம் ஏற்கனவே சரியா இருந்துச்சு நான் ஒண்ணும் பண்ணல, இது ஒண்ணு. தப்பா இருந்துச்சு சரி பண்ணிட்டேன், இது வேற. சரி பண்ணப் பாத்தேன் முடியல. கொஞ்சம் முடிஞ்சுது கொஞ்சம் முடியல. அப்புறம், ஆரம்பிக்கவே இல்ல. இந்த அஞ்சுக்கும் வேற வேற நடவடிக்கை எடுக்கணும், ஆனா நிறைய இடத்துல எல்லாத்தையும் 0, 1னு ரெண்டே டப்பால போட்டு அடைச்சு வச்சிருக்காங்க.

பப்பெட்ல இதை யோசிச்சு பண்ணியிருக்காங்க, அதை மொதல்ல சொல்லிடணும். டீடெயில்ட் எக்ஸிட்கோட்ஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. அதை போட்டு ஓட்டினா, 0 வந்தா மாத்தறதுக்கு ஒண்ணுமில்ல, 2 வந்தா மாத்தியாச்சு எல்லாம் நல்லபடியா ஆச்சு, 4 வந்தா சிலது ஃபெயில், 6 வந்தா சிலது மாறுச்சு சிலது ஃபெயில், 1 வந்தா ரன்னே உருப்படல. 2ம் 4ம் சேந்தா 6, அதாவது பிட் கணக்கு (1, 2, 4, 8ன்னு ஒவ்வொண்ணும் ஒரு சேதி, கூட்டினாலும் திரும்பப் பிரிச்சுடலாம்), டிஸ்க் செக் பண்ற எஃப்எஸ்சிகே கமாண்ட் ரொம்ப காலமா பண்ணிட்டு இருக்கறதும் இதேதான், அதுல 1னா தப்பு இருந்துச்சு திருத்திட்டேன், 2னா ரீபூட் பண்ணு, 4னா திருத்த முடியாம விட்டுட்டேன், ரெண்டு மூணு சேந்து வந்தா கூட்டி குடுக்கும். எனக்கு ரொம்ப பிடிச்ச டிசைன் இது, ஒரே நம்பர்ல ரெண்டு சேதி.

ஆனா பிரச்சினை எங்கன்னா, அந்த ஆப்ஷன் போடலன்னா என்ன ஆகுது தெரியுமா. பப்பெட் அப்ளைன்னு சும்மா ஓட்டுங்க, உள்ள நாலு ரிசோர்ஸ் (பப்பெட் பாத்துக்கற ஃபைல், பேக்கேஜ் மாதிரி ஒவ்வொண்ணும் ஒரு ரிசோர்ஸ்) ஃபெயில் ஆயிருக்கும், ஸ்கிரீன் பூரா சிவப்பு சிவப்பா எர்ரர் ஓடும், முடிஞ்சதும் $? (கடைசியா ஓடின கமாண்டோட எக்ஸிட் கோட்) என்னன்னு பாத்தா 0. கேட்டலாகே, அதாவது நாம எழுதினத வச்சு பப்பெட் தயார் பண்ற பட்டியலே, கம்பைல் ஆகலன்னாதான் 1 வரும், கம்பைல் ஆகி ஓடிட்டா உள்ள என்ன ஆனாலும் ஜம்முனு 0. டூல் சொல்ற நியாயம், என் வேலை ரன்ன ஓட்டறது, ஓட்டிட்டேன், ரிசோர்ஸ் ஃபெயில் ஆனது ரிப்போர்ட்ல இருக்கு போய் பாத்துக்கோங்கறது. ரிப்போர்ட்ட ராத்திரி மூணு மணிக்கு யாரு சார் பாக்கறா.

இதுல இன்னொரு கூத்து, ஒவ்வொரு சர்வர்லயும் ஓடற பப்பெட் ஏஜென்ட்டுக்கு டெஸ்ட்டுன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, எல்லாரும் கையால ஓட்டறப்ப பழக்க தோஷத்துல போடறது அதுதான், அது உள்ளுக்குள்ள இந்த டீடெயில்ட் எக்ஸிட்கோட்ஸையும் சேத்து ஆன் பண்ணிடும். அது பாதி பேருக்கு தெரியாது. நான் முன்னாடி இருந்த ஒரு கம்பெனில நடந்தத சொல்றேன், பேர் வேண்டாம். டிப்ளாய் பைப்லைன்ல (புது கோட சர்வருக்கு கொண்டு போற தானியங்கிப் படிகள்) பப்பெட் ஏஜென்ட்ட டெஸ்ட் ஆப்ஷனோட ஓட்டற மாதிரி ஒரு ஸ்டெப் இருந்துச்சு. எப்பல்லாம் நிஜமாவே ஏதாவது மாறுதோ அப்பல்லாம் 2 வரும், பைப்லைனுக்கு 0 இல்லாதது எல்லாமே தோல்வி, அதனால சிவப்பு காட்டும், இன்னொரு தடவ ஓட்டினா மாத்த ஒண்ணுமில்லாததால 0 வந்து பச்சை ஆயிடும். டீம்ல எல்லாரும் "ஃபர்ஸ்ட் ரன் எப்பவும் சிவப்புதான் ரெண்டாவது தடவ ஓட்டு"ன்னு பேசிக்கிட்டாங்க. கடைசில யாரோ ஒரு புண்ணியவான் கடுப்பாகி அந்த வரியோட கடைசில || ட்ரூன்னு சேத்து விட்டுட்டாரு, அதாவது என்ன ஆனாலும் சரின்னு சொல்லிடு. அதுக்கப்புறம் எல்லாம் பச்சை. எல்லாருக்கும் சந்தோஷம்.

நடுவுல ஒரு பேக்கேஜ் ரெப்போவோட சாவி காலாவதி ஆயிருக்கு, பேக்கேஜ் இன்ஸ்டால் ஃபெயில், அதை நம்பியிருந்த, பழைய லாக கழிச்சு விடற லாக்ரொட்டேட் ஃபைல் எல்லாம் "மேல உள்ளது ஃபெயில் ஆனதால தாண்டிப் போறேன்"னு தாண்டிப் போயிடுச்சு. பப்பெட் ஒழுங்கா ஒவ்வொரு ரன்லயும் 4ன்னும் 6ன்னும் சொல்லிட்டுதான் இருந்துச்சு, கேக்கத்தான் ஆள் இல்ல. புது சர்வர் எல்லாத்துலயும் லாக் ஏறிக்கிட்டே போயி டிஸ்க் நெறஞ்சு டேட்டாபேஸ் நின்னப்பதான் எல்லாரும் முழிச்சாங்க. மீட்டிங்ல பழி யாரு மேல விழுந்துச்சுன்னா பப்பெட் மேல. "டூல் சொல்லவே இல்லையே"ன்னு ஒரு மேனேஜர் கேட்டாரு பாருங்க, அதுக்கு என்ன பதில் சொல்றது.

இப்ப நேர்மையா எதிர்ப்பக்கத்தையும் சொல்லணும். "மாத்தினேன், நல்லபடியா முடிஞ்சுது"ங்கறதுக்கு 2ன்னு குடுத்தா, 0 இல்லன்னா தோல்விங்கற யூனிக்ஸ் வழக்கத்தோட அது இடிக்கும். பாஷ் ஷெல்லுல (கமாண்டுகள ஓட்டற புரோகிராம்) செட் மைனஸ் ஈ, அதாவது ஒரு கமாண்ட் தோத்தா நின்னுடுன்னு, போட்ட ஸ்கிரிப்ட் அந்த இடத்துலயே செத்துடும், மேக்குங்கற பில்ட் டூல் நின்னுடும், பைப்லைன் சிவப்பாகும், மேல சொன்ன கதையே அதனால வந்ததுதான். அதனால மாற்றத்தை நம்பரா சொல்றது ஆப்ஷனுக்கு பின்னாடி இருக்கட்டும், வேணுங்கறவங்க கேட்டு வாங்கிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்ல. டெராஃபார்ம் பிளான்லயும் (எழுதி வச்சதுக்கும் நிஜத்துக்கும் என்ன வித்தியாசம்னு காட்டற கமாண்ட்) அப்படித்தான் வச்சிருக்காங்க, ஆப்ஷன் போட்டா 0னா வித்தியாசமே இல்ல, 1னா எர்ரர், 2னா வித்தியாசம் இருக்கு. போடலன்னா வித்தியாசம் இருந்தாலும் 0தான், ஆனா எர்ரர்னா எப்பவும் 1, அதுல மாத்தமில்ல. தினம் ராத்திரி ஒரு பிளான் ஓட்டி, 2 வந்தா யாரோ கிளவுட் கன்சோல்ல கைய வச்சிருக்காங்கன்னு காலைல மெசேஜ் வர்ற மாதிரி செட் பண்ணிக்கலாம், ஒரு வரி டெக்ஸ்ட்ட கூட அலச வேண்டியதில்ல. (ரெண்டு ஃபைல ஒப்பிடற பழைய டிஃப் கமாண்ட்ல மட்டும் உல்டா, அதுல 1னா வித்தியாசம் இருக்கு 2னா கோளாறு, ரெண்டையும் ஒரே ஸ்கிரிப்ட்ல எழுதறவங்க கொஞ்சம் கவனமா இருங்க.)

என் சண்டை எல்லாம் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். தோல்வி ஆப்ஷனுக்கு பின்னாடி ஒளிஞ்சிருக்கக் கூடாது. மாற்றம் நடந்துச்சான்னு கேட்டா சொல்லு, கேக்கலன்னா சும்மா இரு, ஆனா ஃபெயில் ஆச்சுன்னா கேட்டாலும் கேக்காட்டியும் 0 குடுக்காத, அவ்வளவுதான்.

ஆன்சிபிள் இதுல பரவாயில்ல, எந்த ஹோஸ்ட்டாவது (அதாவது சர்வர்) ஃபெயில் ஆனா 2 குடுத்துடும், எந்த ஆப்ஷனும் வேண்டாம். ஆனா அங்க வேற ரெண்டு குறை. ஒண்ணு, மாத்தினதும் மாத்தாததும் ரெண்டும் 0தான், பிரிச்சு சொல்லுன்னு கேக்கறதுக்கு ஆப்ஷனே கெடையாது, எதையும் மாத்தாம பாக்க மட்டும் செய்யற செக் மோட்ல ஓட்டினாலும் அதே. ஆன்சிபிள் ரோல்கள டெஸ்ட் பண்றதுக்குன்னே இருக்கற மாலிக்யூல், ரெண்டாவது ரன்ல எதுவும் மாறலைல்லன்னு பாக்க என்ன பண்ணுது தெரியுமா, ரன்னோட அவுட்புட் டெக்ஸ்ட்ட எடுத்து கடைசி வரில சேஞ்ச்டுங்கறதுக்கு பக்கத்துல 0 தவிர வேற நம்பர் இருக்கான்னு தேடுது. கூடவே இருக்கற டூலுக்கே இந்த கதின்னா வெளில இருந்து ஸ்கிரிப்ட் எழுதறவன் நெலமைய நெனச்சுப் பாருங்க, அவுட்புட் காட்டற பிளகின்ன ஒருத்தர் மாத்தினா எல்லாம் போச்சு.

ரெண்டாவது குறை இன்னும் மோசம். ஹோஸ்ட்ட தொட முடியலன்னா, அதாவது நெட்வொர்க் போயிருக்கு இல்ல மெஷின் ஆஃப், அப்ப 4 வரும். பிளேபுக்ல (ஆன்சிபிளுக்கு யாமல்ங்கற வடிவத்துல எழுதற வேலைப் பட்டியல்) இடைவெளி தப்பா போயி பார்ஸ் ஆகலன்னாலும், அதாவது டூலால படிக்கவே முடியலன்னாலும், 4தான் வரும். மொதல்ல சொன்னது அஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்ப ஓட்டினா சரியாகலாம், ரெண்டாவது நூறு தடவ ஓட்டினாலும் ஆகாது, எழுதினவர கூப்பிட்டு திருத்தச் சொல்லணும். ரெண்டுக்கும் ஒரே நம்பர் குடுத்தா ஸ்கிரிப்ட் என்னத்த முடிவு பண்ணும், சொல்லுங்க. பப்பெட்லயும் 1ல இதே மாதிரி நெரிசல் இருக்கு, கேட்டலாக் கம்பைல் ஆகலன்னாலும் 1, ஏற்கனவே ஒரு ரன் ஓடிட்டு இருக்கு அதனால நான் ஓடலன்னாலும் 1, ஏஜென்ட்ட யாரோ வேணும்னே டிசேபிள் பண்ணி வச்சிருந்தாலும் 1. இதுல நடுவுல இருக்கறது கவலையே பட வேண்டாத சமாச்சாரம், அதுக்கும் போன் அடிச்சு எழுப்புறாங்க.

தற்காலிகக் கோளாறுக்கு தனி நம்பர்ங்கறது புதுசா யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்ல. பிஎஸ்டி யூனிக்ஸ்ல மெயில் சிஸ்டத்துக்காக ஒரு பட்டியலே போட்டு வச்சாங்க, 64ல இருந்து 78 வரைக்கும், 64னா கமாண்ட்ட தப்பா கூப்பிட்டிருக்க, 75னா இப்ப முடியல அப்புறம் வா, 77னா அனுமதி இல்ல, 78னா கான்ஃபிகரேஷன்ல தப்பு. அந்த 75க்கும் 78க்கும் நடுவுல இருக்கற வித்தியாசம்தான் மேல நான் பொலம்பினது பூரா. ஷெஃப் ஆளுங்க இதுக்கு உக்காந்து ஒரு ஸ்பெக்கே எழுதினாங்க, ஆர்எஃப்சி 62, அதுல 35னா ரீபூட்டுக்கு நேரம் குறிச்சாச்சு, 37னா ரீபூட் தேவைப்படுது, 41னா ரீபூட் பண்ணப் பாத்தேன் ஆகல, 213னா ஷெஃப் தன்னையே அப்கிரேட் பண்ணிக்கிட்டு வெளில வந்துடுச்சு. 2017ல வந்த 13வது வெர்ஷன்ல இதை கட்டாயமாக்குனாங்க. விண்டோஸ் சர்வர் வச்சிருக்கறவங்களுக்கு இந்த ரீபூட் நம்பர்கள் எவ்வளவு உதவின்னு அவங்களத்தான் கேக்கணும். சால்ட்லயும் உள்ள ஓடின ஃபங்ஷனோட நம்பர அப்படியே வெளில குடுக்க ரெட்கோட் பாஸ்த்ரூன்னு ஆப்ஷன் இருக்கு, மறுபடியும் ஆப்ஷன்தான்.

சரி, டூல் மாறற வரைக்கும் நாம என்ன பண்றதுன்னு கேப்பீங்க. பப்பெட்ட சுத்தி ஸ்கிரிப்ட் எழுதறவங்களுக்கு ரெண்டு மூணு விஷயம் சொல்லிடறேன். ரன் முடிஞ்ச அடுத்த வரிலயே $? என்னன்னு ஒரு வேரியபிள்ல எடுத்து வச்சுடணும், நடுவுல ஒரே ஒரு எக்கோ போட்டாலும் அந்த எக்கோவோட 0 வந்து உக்காந்துடும். அவுட்புட்ட டீ (tee) கமாண்டுக்கு, அதாவது ஸ்கிரீனுக்கும் ஃபைலுக்கும் சேத்து எழுதற கமாண்டுக்கு, பைப் பண்ணி லாக் எழுதறவங்க நிறைய பேரு இருக்காங்க, அப்படி பண்ணா பாஷ் குடுக்கறது டீயோட நம்பர், பப்பெட்டோடது இல்ல, டீ எப்ப ஃபெயில் ஆகப்போகுது. பைப்ஃபெயில் ஆன் பண்ணுங்க, பைப்ல எது தோத்தாலும் தோல்வின்னு வரும், இல்லன்னா பைப்ஸ்டேட்டஸ்ல ஒவ்வொண்ணோட நம்பரையும் பாருங்க. பைப்ஃபெயில் இப்ப யூனிக்ஸ் வகையறாவுக்கான 2024 போசிக்ஸ் தரத்துலயே வந்தாச்சு, அதனால பாஷ்ல மட்டும்தான் இருக்குன்னு சாக்கு சொல்ல முடியாது. குறிச்ச நேரத்துல தானா கமாண்ட் ஓட்டற கிரான்ல ஓட்டறவங்களுக்கு தனியா ஒண்ணு, கிரான் வழக்கமா எக்ஸிட் கோட பாத்து மெயில் அனுப்பறதில்ல, அவுட்புட் வந்தா அனுப்பும், அவுட்புட்ட டெவ் நல்லுங்கற குப்பைத்தொட்டிக்கு அனுப்பிட்டு உக்காந்திருந்தா 4 வந்தாலும் 6 வந்தாலும் சத்தமே வராது. கிரானுக்கு பதிலா சிஸ்டம்டி டைமர்ல ஓட்டினா சக்ஸஸ் எக்ஸிட் ஸ்டேட்டஸ்ல 2ன்னு போட்டுட்டா 0ம் 2ம் பச்சை, மத்ததெல்லாம் சிவப்பு, || ட்ரூ தேவையே இல்ல.

அப்புறம் பிட் கணக்குன்னு நான் புகழ்ந்தேன்ல, அதுலயும் ஒரு குழி இருக்கு. 4ங்கற பிட் ஆன்ல இருக்கான்னு மட்டும் பாத்து, இருந்தா ஃபெயில் இல்லன்னா பாஸுன்னு எழுதி வைக்கறாங்க. 4ம் மாட்டும் 6ம் மாட்டும், சரி. ஆனா 1 தப்பிச்சுடும், ரன்னே நடக்காதது பாஸ். அதை விட, மெமரி பத்தாம கெர்னல் ஏஜென்ட்ட அடிச்சுப் போட்டுடுச்சுன்னா ஷெல்லு 137 குடுக்கும், 128ம், கொல்லுங்கற சிக்னலோட நம்பர் 9ம் சேந்தது. 137ஐ பிட்டா பிரிங்க, 128, 8, 1. 4 இல்ல. அப்ப நடுவுலயே செத்துப்போன ரன்னும் பாஸ். அதனால கெட்டது எதுன்னு தேடாதீங்க, 0ம் 2ம் மட்டும் நல்லது, தெரியாத நம்பர் எது வந்தாலும் கெட்டதுன்னு எழுதுங்க. சொந்தமா டூல் எழுதறவங்களும் 126, 127, 128க்கு மேல உள்ளது எல்லாம் ஷெல்லு எடுத்துக்கிட்ட நம்பர், அதுல கை வைக்காதீங்க. எத்தன ஹோஸ்ட் ஃபெயில் ஆச்சோ அந்த எண்ணிக்கையவே எக்ஸிட் கோடா குடுக்கற ஸ்கிரிப்ட் ஒண்ணு பாத்திருக்கேன், பாக்க புத்திசாலித்தனமா இருக்கும், ஆனா 255க்கு மேல இடமில்லாததால 256 ஹோஸ்ட் ஃபெயில் ஆனா சுத்திட்டு வந்து 0 ஆயிடும், மொத்த ஃப்ளீட்டும் படுத்தா சக்ஸஸ்.

கடைசியா ஒரு கோரிக்கை, டூல் பண்றவங்களுக்கு இல்ல உங்களுக்கு. உங்க பேப்பர்லயே டெவ்ஆப்ஸ் கோர்ஸ் விளம்பரம் வாரா வாரம் வருது, அதுல படிச்சுட்டு வர்ற பசங்கள நான் இன்டர்வியூ எடுக்கறேன், யாமல் அருமையா எழுதறாங்க, கிளவுட் சர்டிஃபிகேட் வச்சிருக்காங்க, பப்பெட் 2 குடுத்தா நல்லதா கெட்டதான்னு கேட்டா முழிக்கறாங்க. பசங்க மேல தப்பில்ல, சொல்லிக் குடுக்கற இடத்துல கையால ஓட்டி ஸ்கிரீன்ல பச்சை எழுத்து வருதான்னு பாத்துட்டு அடுத்த பாடத்துக்கு போயிடறாங்க, ஸ்கிரிப்ட்ல இருந்து ஓட்டிப் பாக்கறதே இல்ல. அடுத்த தடவ இந்த மாதிரி கட்டுரை போட்டீங்கன்னா பக்கத்துல சின்னதா ஒரு பாக்ஸ் கட்டி பப்பெட்டோட அஞ்சு நம்பரையும், டெராஃபார்மோட மூணையும், ஆன்சிபிளோட 2ஐயும் 4ஐயும் போட்டுடுங்க, 4க்கு ரெண்டு அர்த்தம்னு அதுலயே எழுதிடுங்க. ஆன்சிபிளுக்கு கோட் எழுதற தமிழ் பசங்க யாராவது இதைப் படிச்சா, பார்ஸ் எர்ரருக்கு வேற நம்பர் வாங்கித் தர முடியுமான்னு பாருங்க.

இப்படிக்கு,
சர்வர் பாத்துக்கற வேலையில இருக்கற ஒரு வாசகர்